வெளுப்பும் கணக்கும்

நுழையும் முன்

அழுக்குத் துணி சேராத வீடு இல்லை. அதை வெளுப்பதற்குக் கைவலிமை போதும் என்று பலர் எண்ணுகின்றனர். வலிமையைக் காட்டிலும் அறிவே மிகுதியாக வேண்டும் என்பது தொழில் அறிந்தவர் கண்டது. அவ்வறிவு எத்தகையது, வீட்டிலிருந்தபடியே அது எவ்வாறு வருவாய் ஆகிறது என்பவற்றை இப்பாடம் கூறுகிறது.

கொச்சியில் ஒரு சலவைத்துறை

கேரள மாநிலம் ஃபோர்ட் கொச்சியில் வெளி என்னும் இடத்தில் ஒரு பொதுச் சலவைத்துறை உள்ளது. வடநாட்டு வழக்கைத் தழுவி அதனைத் தோபிகானா என்று அழைக்கின்றனர். வரிசையாகச் சிறு தடுப்புகள். ஒவ்வொரு தடுப்பிலும் ஒரு தண்ணீர்த் தொட்டியும் ஒரு துவைகல்லும். அப்பால் வெயில் நன்கு படும் திறந்த வெளி; அதன் குறுக்கே நெடிய கயிறுகள்.

18ஆம் நூற்றாண்டில் கொச்சி டச்சுக்காரர் கையில் இருந்தபோது, படைவீரர்களின் சீருடைகளை வெளுப்பதற்காகத் தமிழ்நாட்டிலிருந்து வண்ணார் குடும்பங்கள் அழைத்து வரப்பட்டன என்பது அங்குள்ளோர் வழிவழியாகக் கூறும் வரலாறு. டச்சுக்காரர் போயினர்; அவர்களுக்குப் பின் ஆங்கிலேயர் வந்தனர், அவர்களும் போயினர். துணி வெளுக்க வந்தவர்கள் மட்டும் அங்கேயே தங்கினர். 1976ஆம் ஆண்டில் நகர வளர்ச்சிக் குழுமம் இப்போதுள்ள சலவைத்துறையை அவர்களுக்குக் கட்டிக் கொடுத்தது. பிழைப்பைத் தேடி மாநில எல்லையைக் கடந்த தமிழ்க் குடும்பங்களின் வரிசையில் இவர்களுக்கு முன்னிடம் உண்டு.

அங்கே துணி உலர்த்தும் முறை தனித்தன்மை உடையது. கொடிக்கயிறு ஒற்றை இழையாக இராது. இரண்டு கயிறுகளை ஒன்றோடொன்று முறுக்கிக் கட்டியிருப்பர். துணியின் முனையை அம்முறுக்கின் இடையே செருகினால் கயிறே அதைக் கவ்விக்கொள்ளும். காற்று எவ்வளவு அடித்தாலும் துணி பறக்காது. கவ்வி தேவைப்படாததால், கவ்வியின் தழும்போ அதன் கம்பியிலிருந்து இறங்கும் துருக்கறையோ துணியில் படுவதில்லை. செலவில்லாத இச்சிறு நுட்பத்தை எந்த வீட்டு மாடியிலும் செய்து பார்க்கலாம்.

கூலியும் விலையும்

இத்தொழில் தமிழகத்தில் மிகப் பழையது. களர்நிலத்தில் கிணறு தோண்டி நாள்தோறும் ஆடை வெளுக்கும் பெண் ஒருத்தியைப் புறநானூற்றின் 311ஆம் பாட்டு காட்டுகிறது. களர்நிலத்து நீரில் உப்பும் காரமும் கலந்திருக்கும். காரம் அழுக்கை நீக்கும். இதனை அப்பெண் எந்த ஆய்வகத்திலும் கற்கவில்லை. தன் தொழிலிலேயே கற்றிருந்தாள்.

இவ்வளவு அறிவு படைத்தோர் நெடுங்காலம் வறியவராகவே இருந்ததற்குக் காரணம் தொழிலில் இல்லை. ஊர்ப்புறங்களில் வெளுப்பவர் பிறப்பால் அத்தொழிலுக்குக் கட்டப்பட்டிருந்தார். அறுவடைக் காலத்தில் களத்தில் அளக்கும் தானியமும், வீடுவீடாகச் சென்று வாங்கும் சோறும் அவருக்குக் கூலி. எவ்வளவு துணி வரும் என்பதையும், அதற்கு எவ்வளவு தானியம் அளக்கப்படும் என்பதையும் ஊரார் முடிவு செய்தனர். 'இத்துணிக்கு இவ்வளவு' என்று விலை கூறும் உரிமை வெளுத்தவரிடம் இல்லை. அவருடைய உழைப்பில் ஊர் தூய்மையாக இருந்தது. அவரையோ ஊர் விலக்கி வைத்தது. இன்று இத்தொழிலை விரும்புவோர் எவரும் செய்யலாம். செய்பவரே விலையும் வைக்கலாம். இப்பாடத்தில் வெளுப்போடு கணக்கையும் சேர்த்துச் சொல்வது இதனாலேயே.

நீரை அறிதல்

துணிக்கு முன் நீரைப் பார்க்க வேண்டும். தமிழ்நாட்டின் ஆற்றுநீரில் துவைத்துப் பழகிய குடும்பம் ஒன்று இராஜஸ்தானத்துக்கோ தில்லிப் புறநகருக்கோ குடியேறினால், அதே சோப்பில் துணி வெளுக்காமல் சாம்பல் பூத்து விறைத்துப் போவதைக் காண்பது உண்டு. குற்றம் சோப்பினுடையது அன்று. ஆழ்துளைக் கிணற்று நீரில் பல இடங்களில் கால்சியம், மெக்னீசியம் ஆகியவற்றின் உப்புகள் மிகுந்திருக்கும். இதனைக் கடினநீர் என்பர். அந்த உப்புகள் சோப்போடு சேர்ந்து நீரில் கரையாத வெண்படிவாக மாறித் துணியிலேயே ஒட்டிக்கொள்கின்றன.

நீரின் தன்மையை அறிய ஒரு சிறு புட்டி போதும். அதில் பாதியளவு நீர் ஊற்றி, ஒரு கிள்ளுச் சோப்பைச் சீவிப் போட்டுக் குலுக்க வேண்டும். நுரை பொங்கி நின்றால் மென்னீர். நுரை வராமல் பால்போல் கலங்கி, மேலே திரிதிரியாக மிதந்தால் கடினநீர். கடினநீரில் சோப்புக் கட்டியைவிடச் சலவைத்தூள் நன்றாக வேலை செய்யும். சோப்பைத்தான் பயன்படுத்த வேண்டும் என்றால், சிறிது சலவைச் சோடாவை முதலில் நீரில் கரைத்துவிட வேண்டும். அது உப்புகளைத் தனியே படியச் செய்யும். பட்டுக்கும் கம்பளிக்கும் சலவைச் சோடா ஆகாது. அவ்விரண்டும் புரத இழைகள். காரம் அவற்றை அரித்துவிடும்.

தூளை மிகுதியாகப் போட்டால் அழுக்கு மிகுதியாகப் போகும் என்பது தவறான எண்ணம். அலசலில் போகாத தூள் இழைகளில் தங்கிப் புதிய தூசியை ஈர்க்கும், தோலையும் அரிக்கும். சலவை இயந்திரத்தைத் திணித்து நிரப்புவதும் இதைப் போன்றதே. உள்ளே துணிகள் புரண்டு விழுவதற்கு இடம் வேண்டும். உருளையில் முக்கால் பங்குக்கு மேல் துணி இருந்தால், நனைந்த துணி கிடைக்குமே தவிர வெளுத்த துணி கிடைக்காது.

கறையை அறிதல்

எல்லாக் கறைக்கும் வெந்நீர் என்று கொள்வதே வீட்டுச் சலவையில் நேரும் பெரிய பிழை. இரத்தம், பால், முட்டை ஆகியவற்றின் கறைகளில் புரதம் உள்ளது. வெந்நீரில் முட்டை இறுகுவதுபோல் அப்புரதமும் இழைகளுக்குள் இறுகிவிடும். பிறகு எவ்வளவு தேய்த்தாலும் போகாது. இவற்றைக் குளிர்ந்த நீரில் ஊறவைத்து, அலசிய பின்னரே சோப்பிட வேண்டும். நெய்க்கறையும் எண்ணெய்க்கறையும் இதற்கு எதிரானவை. கறை பட்டவுடன் அதன்மேல் அரிசி மாவையோ முகப்பவுடரையோ தூவி எண்ணெயை உறிஞ்ச விட்டு, மாவைத் தட்டிவிட்டு, சோப்பிட்டு, துணி தாங்கும் அளவு வெந்நீரில் துவைக்க வேண்டும்.

மஞ்சள் கறை தமிழ் வீடுகளுக்கு மிகவும் பழக்கமானது. வெள்ளைச் சட்டையில் சாம்பார் சிந்திய இடத்தில் சோப்பு பட்டதும், மஞ்சள் நிறம் செந்நிறமாக மாறுவதைக் கண்டு சிலர் அஞ்சுவர். அறிவியல் வகுப்பில் மஞ்சள்தாளைக் கொண்டு காரத்தைக் கண்டறியும் சோதனையில் நிகழ்வதே இங்கும் நிகழ்கிறது. அலசியதும் செந்நிறம் மறைந்து மீண்டும் மஞ்சளாகும். அம்மஞ்சளை நீக்கும் மருந்து வெயிலே. ஈரத்தோடு நேர்வெயிலில் காயவைத்தால் மஞ்சளின் நிறமி சிதைந்து கறை வெளிறும். ஒரு நாளில் போகாவிட்டால் மறுநாளும் காயவைக்கலாம். இவ்வளவு எளிய வழி இருக்க, அதற்கென விலை கொடுத்து நீர்மங்களை வாங்குவோரும் உளர்.

துருக்கறைக்கு எலுமிச்சைச் சாறும் உப்பும் போதும். பேனா மைக்குச் சாராயம் கலந்த கைத்தூய்மி நீர்மத்தைப் பஞ்சில் நனைத்து ஒற்ற வேண்டும். தேய்த்தால் மை பரவும். அடியில் ஒரு பழந்துணி இருக்க வேண்டும். எதைச் செய்வதாயினும் முதலில் துணியின் உள்மடிப்பில், பிறர் கண்ணுக்குப் படாத ஓரத்தில் சோதித்துப் பார்ப்பது முறை. தன் துணியில் சோதிக்காமல் செய்தால் ஒரு துணி கெடும். பிறர் துணியில் அவ்வாறு செய்தால் பெயரும் கெடும்.

ஓர் எச்சரிக்கை. வெளுப்பான் எனப்படும் குளோரின் நீர்மத்தைக் கழிப்பறை தூய்மைசெய்யும் அமிலத்துடனோ வினிகருடனோ ஒருபோதும் கலத்தல் கூடாது. கலந்தால் நச்சு வளியாகிய குளோரின் வெளிப்படும். மூடிய குளியலறையில் அது உயிருக்கே கேடு விளைவிக்கும்.

வெள்ளாவி, நீலம், கஞ்சி

முற்காலத்தில் வெள்ளைப் பருத்தித் துணிகளை உவர்மண் கரைத்த நீரில் நனைத்து, பெரிய பானையின்மேல் அடுக்கி, கீழே நீரைக் கொதிக்கவிட்டு நீராவியில் வேகவைத்தனர். இதற்கு வெள்ளாவி என்று பெயர். மண்ணிலுள்ள காரமும் ஆவியின் வெப்பமும் சேர்ந்து இழைகளில் ஊறிய எண்ணெய்ப் பிசுக்கைக் கரைத்துவிடும். இன்று வீடுகளில் வெள்ளாவி வைப்பார் இல்லை. எனினும் வெந்நீரில் சலவைச் சோடாவைக் கரைத்து வெள்ளைத் துணியை ஊறவைப்போர், அறிந்தோ அறியாமலோ வெள்ளாவியின் வழியையே பின்பற்றுகின்றனர்.

பழகிய வெள்ளைத்துணி நாளடைவில் பழுப்பேறும். பழுப்பேறிய துணி ஒளியிலுள்ள நீலத்தை விழுங்கிவிடுவதால் கண்ணுக்கு மஞ்சளாகத் தோன்றுகிறது. இழந்த நீலத்தைச் சிறிதளவு சேர்த்தால் மீண்டும் வெண்மையாகத் தெரியும். நீலம் போடுவதன் பொருள் இதுவே. அழுக்கை நீக்கும் வேலை அதற்கு இல்லை. ஆகவே அழுக்கு முழுவதும் போன பின், கடைசி அலசலில், நன்றாகக் கரைத்த நீல நீரில் துணியை ஒரே சீராக முக்கி எடுக்க வேண்டும். கரையாத துளி ஒன்று பட்டாலும் திட்டு விழும்.

பருத்திச் சேலைக்குக் கஞ்சியே அழகு. வடித்த சோற்றுக் கஞ்சி எளிதில் கிடைப்பது. சவ்வரிசிக் கஞ்சி அதனினும் தெளிவானது. இரண்டு மேசைக்கரண்டிச் சவ்வரிசியை ஊறவைத்து, ஒரு லிட்டர் நீரில் கண்ணாடிபோல் ஆகும்வரை காய்ச்சி, மெல்லிய துணியில் வடிகட்டினால் ஒரு சேலைக்குப் போதும். வடிகட்டாத கஞ்சி சேலையில் வெண்புள்ளிகளாகக் காயும். கஞ்சியோடு இன்னும் நீர் சேர்த்து, சேலையை முழுவதும் நனைத்து, இலேசாகப் பிழிந்து, இருவர் இருபுறமும் பிடித்து உதறி, கரைகளை நேராக்கி உலர்த்த வேண்டும். சாயத் துணிக்கு நிழலே நல்லது. அடர்ந்த நிறச் சேலைக்குக் கெட்டிக் கஞ்சி போட்டால் வெண்மை பூக்கும். அதற்கு நீர்த்த கஞ்சியே ஏற்றது. கஞ்சிபோட்ட துணியை மழைக்காலம் முழுவதும் பெட்டியில் வைத்திருந்தால் பூஞ்சையும் பூச்சியும் தேடி வரும்.

சொன்ன நாள்

வெளுப்பவருக்கு மழையே பெரும் இடர். இதனைக் காட்டும் கதை ஒன்று சேக்கிழாரின் பெரியபுராணத்தில் உள்ளது. காஞ்சிபுரத்தில் வாழ்ந்த திருக்குறிப்புத் தொண்டர் துணி வெளுப்பவர். சிவனடியார்களின் ஆடைகளை வெளுத்துத் தருவதைத் தொண்டாகக் கொண்டவர். குளிர்காலத்தில் ஒரு நாள், மெலிந்த முதியவர் ஒருவர் அழுக்கேறிய கந்தையுடன் வந்தார். தம்மிடம் உள்ளது அது ஒன்றே என்றும், பொழுது சாய்வதற்குள் உலர்த்தித் தர வேண்டும் என்றும் கூறினார். தொண்டர் ஒப்புக்கொண்டார். அவர் துவைத்து முடித்த வேளையில் வானம் இருண்டு பெருமழை பிடித்தது. மாலை வரை விடவில்லை. குளிரில் காத்திருக்கும் முதியவருக்குக் கொடுத்த சொல் தவறியதே என்று வருந்தி, துவைக்கும் கல்லிலேயே தம் தலையை மோதினார். அப்போது இறைவன் கை நீட்டித் தடுத்தான் என்பது புராணம்.

மழை தொண்டரின் குற்றமன்று. ஆயினும் வாக்கு அவருடையது. இன்றைய வெளுப்பாளர் கல்லில் மோதிக்கொள்ள வேண்டியதில்லை. மழைக்காலத்தில் 'இரண்டு நாளில்' என்று சொல்வதற்கு மாறாக 'நான்கு நாளில்' என்று சொன்னால் போதும். பள்ளிச் சீருடையும் திருமணத்துக்கு உடுத்தும் துணியும் ஒருநாள் பிந்தி வந்தால், எவ்வளவு வெண்மையாக வந்தாலும் பயனில்லை.

தேய்த்தல்

ஆயத்த ஆடைகளின் உட்புறத்தில் தைத்திருக்கும் சிறு சீட்டைப் பலர் வெட்டி எறிகின்றனர். அது துணியின் சாதகம் போன்றது. தொட்டிப் படத்துள் இருக்கும் எண், நீரின் வெப்பம் எத்தனை செல்சியஸ் வரை இருக்கலாம் என்பதைக் குறிக்கும். தொட்டியில் கை இருந்தால் கையால் மட்டுமே துவைக்க வேண்டும். முக்கோணம் வெளுப்பானைக் குறிக்கும். குறுக்கே கோடிட்டிருந்தால் அது கூடாது. இஸ்திரிப் பெட்டியின் படத்துள் ஒரு புள்ளி இருந்தால் 110 செல்சியஸ், இரண்டு இருந்தால் 150, மூன்று இருந்தால் 200 வரை வெப்பம் பொறுக்கும் என்பது பொருள். நைலான் முதல் வகை. பாலியெஸ்டரும் கம்பளியும் இரண்டாம் வகை. பருத்தி மூன்றாம் வகை. பட்டை உட்புறம் திருப்பி, மேலே மெல்லிய பருத்தித் துணி விரித்துத் தேய்ப்பது காப்பானது.

வெப்பம் குறைவாக வேண்டிய துணிகளை முதலில் தேய்த்துவிட்டுப் பருத்திக்கு வர வேண்டும். சூடேறிய பெட்டி ஆறுவதற்கு நேரம் பிடிக்கும். அதற்குள் அவசரப்பட்டு எடுத்த பாலியெஸ்டர் சட்டையே பெரும்பாலும் உருகுகிறது. சட்டைக்குக் கழுத்துப்பட்டை, தோள், கைகள், உடல் என்பது வரிசை. பெரும்பரப்பை முதலில் தேய்த்தால் மற்றப் பகுதிகளைத் தேய்க்கும்போது அது மீண்டும் கசங்கும்.

தெருமுனைகளில் வண்டிவைத்துத் தேய்ப்போர் பலரும் கரிப்பெட்டியைப் பயன்படுத்துகின்றனர். கரியின் புகையையும் சாம்பலையும் நாள் முழுவதும் சுவாசிப்பவர் அவர்களே. திருவண்ணாமலையைச் சேர்ந்த வினிஷா உமாசங்கர் என்னும் பள்ளி மாணவி இதைக் கண்டு, சூரிய ஒளியில் இயங்கும் இஸ்திரி வண்டி ஒன்றை வடிவமைத்தார். அதற்காக 2020இல் சுவீடனின் குழந்தைகளுக்கான காலநிலைப் பரிசைப் பெற்றார். 2021இல் கிளாஸ்கோ நகரில் நடந்த உலகக் காலநிலை மாநாட்டில் உரையாற்றினார்.

வீட்டில் ஒரு தொழில்

பிறர் துணியை ஏற்கும்போது முதல் வேலை துவைப்பதன்று; எண்ணுவதும் எழுதுவதுமே. கொடுப்பவர் எதிரிலேயே பைகளைத் துழாவி, கிழிசல், கறை, அறுந்த பொத்தான் ஆகியவற்றைக் காட்டிப் பதிவேட்டில் எழுதிவிட வேண்டும். அப்போது எழுதாத கிழிசலுக்குத் திருப்பித் தரும் நாளில் வெளுத்தவரே பொறுப்பாவார்.

அடுத்தது அடையாளம். ஊரிலுள்ள அத்தனை வீட்டுத் துணிகளும் ஒரே துறையில் கலந்த காலத்தில், ஒன்று மற்றொன்றோடு மாறியதில்லை. சேங்கொட்டையின் சாற்றால் துணியின் மூலையில் புள்ளியும் கோடுமாகக் குறியிட்டனர். எத்தனை முறை வெளுத்தாலும் அக்கருங்குறி அழியாது. ஒரு வீட்டுக்கு மூன்று புள்ளி, மற்றொன்றுக்குப் புள்ளியோடு ஒரு பிறை. எழுத்தறியாதவர் என்று ஊர் நினைத்தவர், ஊரார் எவராலும் படிக்க இயலாத எழுத்தொன்றைத் தமக்கென வைத்திருந்தார். அச்சாறு தோலில் பட்டால் புண்ணாகும் என்பதால் இன்று அது வேண்டா. எண் எழுதிய சிறு துணித்துண்டை ஊக்கில் கோத்துக் குத்தினால் போதும்.

இனி விலை. எடுத்துக்காட்டாக, அடுக்குமாடிக் குடியிருப்பில் வாழும் ஒருவர் தேய்ப்பு வேலையை மட்டும் ஏற்கிறார் என்று கொள்வோம். நாளொன்றுக்கு 30 துணிகள். துணிக்கு 7 ரூபாய். மாதத்தில் 25 நாள் வேலை. வரவு 5,250 ரூபாய். ஒரு துணிக்கு 5 நிமிடம் எனில் நாளுக்கு இரண்டரை மணி நேரம் பெட்டி ஓடும். 1,000 வாட் பெட்டி இரண்டரை மணி நேரத்தில் மிகுதியாகப் போனால் இரண்டரை அலகு மின்சாரம் கொள்ளும்; மாதத்துக்கு 62.5 அலகு. அலகு 8 ரூபாய் என்றால் 500 ரூபாய். பெட்டியின் பழுதுக்கும் விரிப்புத் துணிக்கும் 250 ரூபாய் ஒதுக்கினால், எஞ்சுவது 4,500 ரூபாய்.

பலர் இத்தொகையோடு கணக்கை மூடிவிடுகின்றனர். உழைத்த நேரத்தை எழுதுவதில்லை. துணிகளை வாங்கிவர, எண்ண, மடிக்க, கொண்டுபோய்க் கொடுக்க நாளுக்கு இன்னும் ஒன்றரை மணி நேரம் ஆகிறது. ஆக நாளுக்கு 4 மணி நேரம். மாதம் 100 மணி நேரம். 4,500 ரூபாயை 100ஆல் வகுத்தால் மணிக்கு 45 ரூபாய். வீட்டிலிருந்து செய்யும் வேலைக்கு, குறிப்பாகப் பெண்கள் செய்யும் வேலைக்கு, நேரம் செலவாகவே கருதப்படுவதில்லை. 'சும்மா இருக்கும் நேரத்தில் செய்வது' என்னும் சொல் அவர்களின் கூலியைக் குறைக்கும் சொல்லாகும்.

அதே கைகள் கஞ்சிபோட்டுத் தேய்த்த பருத்திச் சேலை ஒன்றுக்கு 60 ரூபாய் பெறுவதாகக் கொள்வோம். சவ்வரிசி, தூள், மின்சாரம் ஆகியவற்றுக்கு 10 ரூபாய் போக 50 ரூபாய். கைவேலை 40 நிமிடம். மணிக்கணக்கில் இது 75 ரூபாய் ஆகிறது. தேய்ப்பவர் தெருவுக்குத் தெரு உண்டு. கஞ்சியின் பதம் அறிந்தவர் அரியர். உழைப்புக்குக் கிடைப்பதைவிட, பிறர் அறியாத பதத்துக்கே கூடுதல் விலை கிடைக்கிறது.

இழப்பையும் எண்ண வேண்டும். ஒரு பட்டுச் சேலை தீய்ந்து, அதற்கு 3,000 ரூபாய் ஈடு கொடுக்க நேர்ந்தால், முன் சொன்ன மாத வருவாயில் மூன்றில் இரண்டு பங்கு போய்விடும். ஆகவே பழக்கமில்லாத துணியை 'இது என்னால் இயலாது' என்று திருப்பித் தரத் தெரிவதும் தொழில்திறமே. தொடக்கத்தில் பருத்தியும் பள்ளிச் சீருடையும் போதும்.

குடியிருப்புச் சங்கத்தின் இசைவையும், மின்கட்டண வகை மாறுமா என்பதையும் முன்னரே கேட்டுக்கொள்வது நல்லது. தொழிலை விரிக்க விரும்புவோருக்கு அரசுத் திட்டங்கள் உள்ளன. 2023ஆம் ஆண்டு செப்டம்பர் 17 அன்று தொடங்கிய பிரதமரின் விசுவகர்மா திட்டத்தில் அடங்கும் 18 தொழில்களுள் சலவைத் தொழிலும் ஒன்று. அதில் முதல் தவணையாக 1 இலட்சம் ரூபாய் வரை 5 விழுக்காட்டு வட்டியில் கடன் பெறலாம்.

சொற்பொருள்

களர்நிலம் – உப்பும் காரமும் மிகுந்த, பயிர் விளையாத நிலம்
உவர்மண் – துணி வெளுக்கப் பயன்பட்ட கார மண்
துறை – நீர்நிலையில் இறங்கித் துவைக்கும் இடம்
கந்தை – கிழிந்த பழந்துணி
பதம் – ஏற்ற பக்குவம்
ஈடு – இழப்புக்குத் தரும் பொருள்

பயிற்சி

அ. ஓரிரு தொடர்களில் விடையளிக்க.
1. கொச்சிச் சலவைத்துறையில் கவ்வி இல்லாமல் துணி உலர்வது எவ்வாறு?
2. இரத்தக் கறையை வெந்நீரில் துவைக்கக் கூடாதது ஏன்?
3. நீலம் அழுக்கை நீக்குகிறதா? விளக்குக.

ஆ. ஒரு பத்தி அளவில் எழுதுக.
1. அறுவடைக் களத்தில் தானியம் பெற்ற வெளுப்பாளருக்கும், துணிக்கு 7 ரூபாய் என்று விலை கூறும் வெளுப்பாளருக்கும் உள்ள வேறுபாடு யாது?
2. திருக்குறிப்புத் தொண்டரிடம் முதியவர் கேட்டதைப் போன்று, இன்று ஒருவர் மழைநாளில் மாலைக்குள் துணி கேட்டால் என்ன விடை கூறுவது நேர்மையானது?

இ. கணக்கிடுக.
பாடத்தில் வரும் தேய்ப்பாளர் துணிக்கு 8 ரூபாய் என விலையை உயர்த்துகிறார். அதனால் நாளுக்கு 30 துணிகள் 28 ஆகக் குறைகின்றன. செலவுகள் முன்போலவே 750 ரூபாய் எனக் கொண்டால், மாதத்தில் எஞ்சுவது எவ்வளவு? விலையை உயர்த்தியது சரியா?

ஈ. மொழித்திறன்.
1. நனைத்தல், ஊறவைத்தல், கசக்குதல், கும்முதல், அலசுதல், பிழிதல், உதறுதல், உலர்த்துதல் – இவை யாவற்றையும் 'வாஷ் பண்ணுதல்' என்று ஒரே தொடரால் கூறுவோர் உளர். ஒவ்வொரு சொல்லும் எச்செயலைக் குறிக்கிறது எனச் செய்து காட்டி, தனித்தனித் தொடரில் அமைக்க.
2. 'சாயம் வெளுத்துப் போயிற்று', 'வெளுத்து வாங்கினான்', 'வெளுத்ததெல்லாம் பால்', 'அலசி ஆராய்ந்தார்' – இம்மரபுத் தொடர்களின் பொருளை வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதுக.

உ. செயல்பாடு.
ஒரு வாரம் வீட்டில் துவைத்துத் தேய்த்த துணிகளின் எண்ணிக்கை, அவ்வேலையைச் செய்தவர், அதற்கான நேரம் ஆகியவற்றை நாள்தோறும் பட்டியலிடுக. அந்நேரத்தை மணிக்கு 45 ரூபாய் வீதம் கணக்கிட்டு, பட்டியலைத் துவைத்தவரிடமே காட்டி, அவர் கூறும் கருத்தை அப்படியே எழுதி வருக.